கணக்கு மாத்திரை



ரெங்கம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் பலர் கேட்கும் முதற்கேள்வி, "தடுப்பு முகாம் இருந்த ஊர்தானே?" என்பதாகும். அது சிம்பாங் ரெங்கம். நெடுஞ்சாலைச் சந்திப்பில் வளர்ந்த ஊர். எங்கள் ரெங்கமோ இரயில் பாதையை ஒட்டி, இரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர். 1909இல் ஜொகூர் இரயில் பாதை முழுமை பெற்ற பிறகே இப்பக்கத்துத் தோட்டங்கள் செழித்தன. எத்தனை முறை விளக்கினாலும் கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். 1985ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சிறப்புத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள் பலர் அந்த முகாமில்தான் இருந்தார்கள். அதனாலோ என்னவோ, இவ்வட்டாரத்துப் பெற்றோர்களிடம் 'டாடா' என்னும் சொல்லை உச்சரித்தாலே முள்வேலியும் காவற்கோபுரமும்தாம் நினைவுக்கு வருகின்றன. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர் எழுதிக்கொடுத்து, பெயரும் நாளும் குறித்த பையில் வீட்டுக்கு வரும் மாத்திரையை எவரும் அவ்வாறு எண்ணுவதில்லை. இக்கட்டுரை அந்த மாத்திரையைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாய் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். அவருடைய இளைய மகனுக்குக் கவனக்குறைவும் மிகையியக்கமும் கொண்ட குறைபாடு இருப்பதாக (ஏடிஎச்டி என்று நாம் சொல்வது) அரசு மருத்துவமனையில் உறுதிசெய்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். பையனிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மூத்த மகன் அவ்வாண்டு எஸ்.பி.எம். எழுதவிருந்தான். "சின்னவனுக்குக் குடுக்கிற மாத்திரையில பாதிய உடைச்சி பெரியவனுக்குக் குடுத்தா என்னங்க டீச்சர்? அவனும் நல்லாப் படிப்பான் இல்ல?" என்றார். கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அக்கேள்வியில் தீய எண்ணம் ஏதுமில்லை. பிள்ளை தேற வேண்டும் என்ற ஏக்கமே இருந்தது. நம் பாட்டிமார் நினைவாற்றலுக்கு வல்லாரைக் கீரையை ஆய்ந்து சமைத்தார்கள். அதே கீரையைத்தான் மலாய்க்காரர்கள் பெகாகா என்று சந்தையில் விற்கிறார்கள். மூளைக்கு மருந்து தேடுவது நமக்குப் புதிதன்று. ஆனால் இந்த மாத்திரைக்கு வேறொரு வரலாறு உண்டு. அதை அறிந்துகொண்டால், 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது விளங்கும்.

சீனர்கள் மாஹுவாங் என்னும் செடியைப் பன்னூறு ஆண்டுகளாக இழுப்புக்கும் சளிக்கும் மருந்தாகக் கொடுத்து வந்தனர். 1885இல் நாகாய் நாகயோஷி என்னும் சப்பானிய வேதியியலாளர் அச்செடியிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1887இல் பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்த உருமேனியர் லாசார் எடெலியானு, பின்னாளில் ஆம்பெட்டமைன் என்று பெயர் பெற்ற பொருளை முதன்முதலில் உருவாக்கினார். அதனால் என்ன பயன் என்று அவருக்குத் தெரியாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1929ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், கலிபோர்னியாவில் கார்டன் ஆலிஸ் என்பவர் எஃபெட்ரினுக்கு மாற்றாக மலிவான மருந்து தேடும் முயற்சியில் அதைத் தம் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். மூக்கடைப்பு நீங்கியது, மனத்தில் ஒரு தெம்பும் மகிழ்ச்சியும் பிறந்தன. அன்றிரவு விருந்தில் வழக்கத்தைவிட நன்றாகப் பேசியதாக அவருக்குத் தோன்றியது. பிறகு உறக்கம் வரவில்லை. எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. இன்றுவரை இம்மருந்தைப் பற்றிச் சொல்லப்படும் நன்மையும் தீமையும் அந்த ஓர் இரவுக் குறிப்பிலேயே அடங்கிவிட்டன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அமெரிக்க நிறுவனமான ஸ்மித் கிளைன் அண்டு ஃபிரெஞ்சு 1930களின் தொடக்கத்தில் இதைப் 'பென்செட்ரின்' என்ற பெயரில் மூக்கில் உறிஞ்சும் குழாயாக விற்றது. பின்பு மாத்திரையாகவும் கொண்டுவந்தது. இனி வருவது 1937ஆம் ஆண்டு. ஆசிரியர்கள் இவ்வாண்டைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்னும் சிறுவர் மருத்துவமனை இருந்தது. மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட தம் மகளின் பெயரில் ஒரு செல்வர் விட்டுச்சென்ற சொத்தில் 1931இல் தொடங்கப்பட்டது அது. நடத்தையில் சிக்கலுடைய பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அதன் மருத்துவர் சார்லஸ் பிராட்லி. அக்காலத்தில் மூளையைப் படம் பிடிப்பதற்கு முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரை வெளியேற்றுவார்கள். அதன் பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். பென்செட்ரின் கொடுத்தால் அந்நீர் விரைவில் மீண்டும் சுரக்கும் என்று பிராட்லி நினைத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பறையில் வேறொன்று நடந்தது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கொடுத்த கணக்குகளைப் போட்டு முடித்தார்கள். இம்மாற்றத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் அங்கிருந்த ஆசிரியர்களே என்பதை ஓர் ஆசிரியை என்ற முறையில் சற்றுப் பெருமையோடு எழுதுகிறேன்.

பிராட்லி அதன்பின் முறையாகச் சோதித்துப் பார்த்தார். 5 முதல் 14 வயது வரையிலான 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்தார். அவர்களில் 14 பேரிடம் பள்ளிப் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்திய நாளிலேயே அம்முன்னேற்றமும் மறைந்தது. பிள்ளைகளே அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்களாம்: 'கணக்கு மாத்திரை'. ஊக்கமூட்டும் மருந்து துடுக்கான பிள்ளையை எவ்வாறு அமைதிப்படுத்துகிறது என்பது பிராட்லிக்கே புதிராக இருந்தது. மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் பகுதிக்கு வேண்டிய டோப்பமின், நோரெபிநெஃப்ரின் ஆகியவற்றின் அளவை இம்மருந்துகள் கூட்டுகின்றன என்பது பின்னாளில்தான் விளங்கியது. பிராட்லியின் கட்டுரையை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்தே போனது.

அதே காலத்தில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையினர் மாணவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துச் சோதனை செய்தனர். சோதனையில் கலந்துகொண்டவர்கள், இதை உண்டால் இரவு முழுவதும் உறங்காமல் படிக்கலாம் என்று நண்பர்களிடம் சொன்னார்கள். சொல்வதற்கு வேறென்ன வேண்டும்! தேர்வு நேரத்தில் மாணவர்கள் மருந்துக்கடைகளில் அதை வாங்கத் தொடங்கினர். 1937ஆம் ஆண்டு மே மாதம் 'டைம்' இதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழும் எச்சரித்தது. மயங்கி விழுந்தவர்கள், நெஞ்சு படபடப்போடு மருத்துவரிடம் சென்றவர்கள் பற்றிய செய்திகள் வந்தன. ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே மாத்திரை. ஒரு மருத்துவமனையில் அது நலிந்த பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டது; ஒரு பல்கலைக்கழகத்தில் நலமாக இருந்த பிள்ளைகளை நோயாளிகளாக்கியது. அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்வி 1937லேயே கேட்கப்பட்டுவிட்டது.

பிறகு போர் வந்தது. செருமனியில் டெம்லர் நிறுவனம் 1938இல் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மெத்தம்பெட்டமைன் மாத்திரையை விற்பனைக்கு விட்டது. இது ஆம்பெட்டமைனின் வலுவான உறவு. இன்று சியாபு என்று நாம் அஞ்சும் அதே பொருள். 1939இல் இராணுவ உடலியலாளர் ஓட்டோ ரான்கே இதை 90 பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தார். மறுபடியும் மாணவர்கள்தாம்! விழித்திருக்க உதவுகிறது என்று கண்டதும் மாத்திரை போர்முனைக்குச் சென்றது. பின்விளைவுகள் தெரிந்து 1941இல் செருமனியே அதை அபினிச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது.

சப்பானில் 1941இல் டாய்நிப்போன் நிறுவனம் அதையே 'ஃபிலோப்பான்' என்று விற்றது. உழைப்பை நேசிப்பவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. உறக்கத்தை விரட்டும், களைப்பைப் போக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளிலும் படையினரிடையிலும் அது புழங்கியது. அவ்வாண்டு டிசம்பரில்தான் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அடுத்த மாத இறுதிக்குள் ஜொகூர் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. நம் தாத்தாமார் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கதையை இங்கே விரித்தால் கட்டுரை திசைமாறிவிடும். போர் முடிந்தபின் மிஞ்சிய மாத்திரைகளும் ஊசிமருந்தும் சப்பானியக் கடைகளுக்கு வந்தன. எழுத்தாளர்கள், இரவு வேலை செய்தவர்கள், மாணவர்கள் என்று பலரும் பழகிக்கொண்டார்கள். 1951இல் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1954ஆம் ஆண்டில் மட்டும் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். தோற்ற நாடு எழுந்து நிற்க உழைப்பு வேண்டும், உழைப்பதற்கு மாத்திரை. நம்மவர் இதைத் தொலைதூரத்துக் கதையாக எண்ணிவிடக் கூடாது.

மலாயாவின் அன்றைய ஆட்சியாளர்கள் அபினி விற்பனையிலிருந்து பெரும் வருவாய் ஈட்டினார்கள். அபினி சீனத் தொழிலாளிக்கு, கள்ளு தமிழ்த் தொழிலாளிக்கு என்று ஏறக்குறைய பங்கு பிரித்தே வைத்திருந்தார்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் வெயில் ஏறும்வரை மரம் வெட்டியவன் மாலையில் அங்கே போய் உட்கார்ந்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது என்பதை இளைய ஆசிரியர்கள் வரலாற்றுப் பாடத்தில் சொல்ல வேண்டும். கள்ளு உழைப்பின் வலியை மறக்கக் கொடுக்கப்பட்டது. ஊக்கமாத்திரையோ உடம்பு வலிப்பதையே உணராமல் மேலும் உழைக்கக் கொடுக்கப்படுகிறது. இரண்டாவதே எனக்கு அதிக அச்சம் தருவது. ஏனெனில் குடிகாரனை ஊர் ஏசும். இரவு பகல் பாராமல் படிக்கும் பிள்ளையை ஊர் மெச்சும்.

வடக்கே தாய்லாந்தில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் உறக்கம் தவிர்க்க உண்ட மாத்திரைக்கு 'யா மா', அதாவது குதிரை மருந்து, என்று பெயர். 1996இல் அந்நாட்டு அரசு பெயரையே மாற்றி 'யா பா', பைத்திய மருந்து, என்று அழைக்கச் செய்தது. பெயரில் இருந்த வலிமையைக் களைந்தால் மோகம் குறையும் என்ற எண்ணம். நம் நாட்டில் அது இன்னும் 'பில் குடா' என்றே வழங்குகிறது. மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. 1983இல் மலேசிய அரசு போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தபோது எல்லாரும் ஹெரோயினைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். இன்று தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் கணக்கில் வருவோரில் பெரும்பான்மையினர் ஆம்பெட்டமைன் வகை ஊக்கமருந்துகளைப் பயன்படுத்தியவர்களே. மயக்கும் பொருளிலிருந்து விழிக்க வைக்கும் பொருளுக்கு நாடு மாறிவிட்டது.

இனி, அந்த இளைய மகனின் மாத்திரைக்கு வருகிறேன். அதன் பெயர் மெத்தில்பெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பானிசோன் அதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவி மார்கரீட்டுக்கு இரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடுமுன் அவர் இதை உண்பாராம். வீட்டில் அவரை ரீட்டா என்று அழைப்பார்கள். அப்படிப் பிறந்த வணிகப் பெயர்தான் 'ரிட்டலின்'. 1954இல் விற்பனைக்கு வந்தது; களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுத்தார்கள். 1960களில் அமெரிக்காவில் மிகையியக்கப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது பிராட்லியின் பழைய கட்டுரை மீண்டும் தூசு தட்டப்பட்டது. ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்ட பிள்ளைக்கு, சரியான அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது இது நல்ல மருந்து. இதை அழுத்திச் சொல்கிறேன்.

1971இல் உளவினை மருந்துகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. மெத்தில்பெனிடேட்டும் ஆம்பெட்டமைனும் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளன. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டமும் அதன்கீழ் 1989இல் வந்த விதிமுறைகளும் மெத்தில்பெனிடேட்டைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவரின் சீட்டில்லாமல் பெற இயலாது. கொடுத்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். ஆனால் எந்த நாட்டிலும் பதிவேடு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 119 கல்லூரிகளில் 2001இல் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 11 ஆயிரம் மாணவர்களில் 6.9 விழுக்காட்டினர் மருத்துவர் எழுதிக் கொடுக்காத ஊக்கமாத்திரையை வாழ்நாளில் ஒருமுறையேனும் உண்டிருந்தனர். சில கல்லூரிகளில் ஒருவர்கூட இல்லை. சிலவற்றில் கடந்த ஓராண்டில் உண்டவர்கள் மட்டுமே நான்கில் ஒருவர்! போட்டி மிகுந்த கல்லூரிகளில்தான் இது கூடுதலாக இருந்தது. சப்பானில் ரிட்டலின் தவறான கைகளுக்குப் போனதால் 2007இல் திடீர் உறக்கநோய்க்கு மட்டுமே கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள்.

சரி, நலமான பிள்ளைக்கு இதனால் மதிப்பெண் கூடுமா? பெற்றோர் உண்மையில் அறிய விரும்புவது இதைத்தானே. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நலமான இளைஞர்கள் 46 பேருக்கு ஆம்பெட்டமைன் மருந்தும் வெற்று மாத்திரையும் வெவ்வேறு நாள்களில் கொடுக்கப்பட்டன. தேர்வு முடிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மருந்துண்ட நாளில் தாங்கள் சிறப்பாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். 2023இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேரிடம் சிக்கலான கணக்குப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துண்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிக முயற்சிகள் செய்தார்கள். ஆனால் அம்முயற்சிகளின் தரம் தாழ்ந்தது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் செய்தவர்களில் பலர் மருந்துண்டபோது சராசரிக்குக் கீழே போனார்கள். நன்றாகப் படிக்கும் மூத்த மகனுக்கு அந்தப் பாதி மாத்திரை என்ன செய்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் உலவும் கெட்டிக்கார மாணவர்கள் இங்கே ஒரு பெயரைச் சொல்வார்கள்: பால் ஏர்டிஷ். அங்கேரியக் கணித மேதையான அவர் தம் பிற்காலத்தில் ஆம்பெட்டமைன் உண்டு கணிதம் செய்தவர். 1979இல் நண்பர் ரான் கிரகாம் 500 டாலர் பந்தயம் கட்டினார். ஏர்டிஷ் ஒரு மாதம் மாத்திரையைத் தொடாமல் பந்தயத்தை வென்றார்; அந்த ஒரு மாதம் கணிதமே பின்தங்கிவிட்டது என்று நண்பரைக் குறைபட்டுக்கொண்டு மீண்டும் உண்ணத் தொடங்கினார். சுவையான கதைதான். ஆனால் அவர் இருபது வயதிலேயே, எந்த மாத்திரையும் இல்லாமல், பெயர் பெற்றுவிட்டார் என்பதை அம்மாணவர்கள் சொல்வதில்லை. ஒரு மாதம் மாத்திரை இல்லாதபோது வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே சொன்னதும் எனக்குப் பெருமையாகப் படவில்லை.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். பகலில் படித்தது நினைவில் தங்குவதற்கு உறக்கமே துணை. குளுவாங் இரயில் நிலையத்துக் கோப்பியைக் குடித்துவிட்டுப் பத்து மணிவரை படிப்பது ஒன்று. மாத்திரை போட்டு விடியும்வரை படிப்பது வேறொன்று. மருந்தின் வேகம் இறங்கியதும் சோர்வும் எரிச்சலும் வரும், பசி குன்றும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து அது தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் முதலில் குடும்பத்தில் இதயநோய் உண்டா என்று கேட்பதற்குக் காரணம் இதுவே. அண்ணன் தம்பியின் மாத்திரையை எடுக்கும்போது அக்கேள்வியைக் கேட்பார் யாருமில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை என் கவலை இன்னொன்றும் உண்டு. இம்மருந்து உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களைச் சேட்டைக்காரன், வாலு, அடங்காதவன் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம். மருத்துவரிடம் காட்டச் சொன்னால், "எம் புள்ள என்ன பைத்தியமா?" என்று பெற்றோர் சினக்கிறார்கள். மாத்திரையை வீட்டில் ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்ளும் செய்தி பரவினால், இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய், 'பில் குடாவைப் பள்ளிப்பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்' என்ற பேச்சுதான் மிஞ்சும். அப்போது பிராட்லியின் 14 பிள்ளைகளைப் போன்றவர்கள் மறுபடியும் கடைசி வரிசைக்கே போவார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மாத்திரையைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். பூட்டிய அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் அளவை மாற்றியதால் மிஞ்சியவற்றை வீட்டில் சேர்த்து வைக்காமல் அரசு மருத்துவமனை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்வார்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று: குறைபாட்டை உறுதிசெய்வது நம் வேலையன்று, அதற்கு நமக்குத் தகுதியும் இல்லை. ஆனால் மருத்துவர் பள்ளியிலிருந்து ஓர் அறிக்கை கேட்பார். வீட்டில் மட்டுமின்றிப் பள்ளியிலும் அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது முறை. அவ்வறிக்கையில் 'சேட்டைக்காரன்' என்று எழுதாதீர்கள். எத்தனை நிமிடம் உட்காருகிறான், எந்தப் பாடத்தில் எழுந்துவிடுகிறான், கேள்வி முடியுமுன் விடை சொல்கிறானா, பென்சிலையும் புத்தகத்தையும் எத்தனை முறை தொலைக்கிறான் என்று நாள் குறித்து எழுதுங்கள். ரெங்கத்துப் பெற்றோர் முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். முறை வருவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.